புதுச்சேரிக்கு மணல் திரும்பிய விதம்

புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வந்தவர்களுக்குப் பல ஆண்டுகள் கருங்கல் குவியல்தான் கடற்கரை. கல்லின் மேல் உட்கார்ந்து அலையைப் பார்க்கலாம். இறங்கிக் கால் நனைக்க மணல் கிடையாது. இப்போது தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி மணல் படிந்திருக்கிறது. அது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள, முதலில் எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும்.

அலை கரையில் நேராக மோதுவதில்லை, சாய்வாக ஏறுகிறது. திரும்பும்போது சரிவின் வழியே நேராக இறங்குகிறது. ஒவ்வொரு அலைக்கும் மணல் துகள் சாய்வாக மேலேறி, நேராகக் கீழிறங்கி, பக்கவாட்டில் சிறிது நகர்கிறது. நம் கிழக்குக் கரையில் மார்ச் முதல் அக்டோபர் வரை இந்த நகர்வு வடக்கு நோக்கியது. வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியது. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். கரையோரமாக மணலால் ஆன ஓர் ஆறு ஓடுகிறது என்றே கொள்ளலாம்.

அந்த ஆற்றுக்குக் குறுக்கே 1980-களின் இறுதியில், அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில், துறைமுகத்துக்கான கல் சுவர்கள் எழுந்தன. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே நகரம் மணலை இழந்தது. சென்னைத் துறைமுகத்தால் தெற்கே மெரினா விரிந்ததும் வடக்கே ராயபுரம் பக்கம் அரிக்கப்பட்டதும் இதே கதைதான். புதுச்சேரியில், தேங்கும் மணலைக் குழாய் வழியே வடக்கே கடத்தும் ஏற்பாடு திட்டத்திலேயே இருந்தும் அது தொடர்ந்து இயங்கவில்லை.

கல் கொட்டுவதால் சாலை தப்பும், கரை தப்பாது. கல்லில் மோதும் அலை, தன் வலுவில் ஒரு பகுதியோடு திரும்பி, கல்லின் அடி மணலைத் தோண்டுகிறது. கல் இறங்குகிறது. அதன் மேல் இன்னும் கல் கொட்டுகிறார்கள். அரிப்போ வைத்திக்குப்பம் தாண்டி வடக்கே நகர்கிறது. தந்திராயன்குப்பத்தில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர்) கட்டினால் அடுத்த அடி அதற்கு வடக்கே பொம்மையார்பாளையத்துக்கு.

ஆகவே, கரைக்கு மணலைத் திருப்பிக் கொடுப்பதே சரியான வைத்தியம். எவ்வளவு மணல் என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் கரை மேல்பாதி மட்டுமே. மணல் சரிவு கடலுக்குள்ளும் தொடர்கிறது. கரையின் மேடு 2 மீட்டர், அலை மணலைக் கிளறும் ஆழம் 5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டர் காய்ந்த மணற்பரப்பு நிலைக்க 7 கன மீட்டர் மணல் வேண்டும். ஒரு கிலோமீட்டர் கரையை 30 மீட்டர் அகலப்படுத்த 2,10,000 கன மீட்டர். கொட்டிய சில மாதங்களில் கரை குறுகுவதைப் பார்த்து "எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது" என்பார்கள். பெரும்பகுதி எங்கும் போயிருக்காது. நீருக்கடியில் சரிவை நிரப்பியிருக்கும். இந்த இறக்கத்தை முன்கூட்டியே மக்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

மணலின் பருமனும் முக்கியம். 0.15 மி.மீ. துகள், 0.3 மி.மீ. துகளைவிடப் பாதிக்கும் குறைவான வேகத்தில்தான் நீரில் படியும். அதற்குள் நீரோட்டம் இழுத்துவிடும். கரையில் பழைய மணல் எந்தப் பருமனோ, அதே அளவோ சற்றுப் பெரிதோதான் வேண்டும். அதனால் துறைமுக முகத்துவாரத்தில் மணலைத் தூர்வாருமுன் அடுக்குச் சல்லடையில் சலித்துப் பார்ப்பார்கள். முகத்துவார மணலில் சேறு கலந்திருக்கும் என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது. தூர்வாரிய மணலைக் கரைக்கு அனுப்பும் குழாயில் வருவது பெரும்பாலும் தண்ணீர். மணல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். கரைக்கு இணையாக மணல் வரப்பு கட்டி, அதற்குள் பாய்ச்சினால் மணல் தங்கி நீர் வடியும். வரப்பில்லாமல் பாய்ச்சினால் மணலும் நீரோடு கடலுக்கே ஓடிவிடும்.

போட்ட மணல் சீக்கிரம் கிளம்பிவிடாமல் இருக்கத்தான் 2018-இல் தேசிய பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கரைக்கு எதிரே சுமார் 900 டன் எடையுள்ள ஆப்பு வடிவ எஃகுப் பெட்டியைக் கடலடியில் அமர்த்தியது. நீரின் ஆழம் ஏறத்தாழ அலையின் உயரத்துக்குச் சமமாகக் குறையும்போது அலை உடையும். மூழ்கிய திட்டுபோல் நிற்கும் இந்தப் பெட்டி அந்த ஆழக் குறைவைக் கரைக்கு முன்பே உண்டாக்குகிறது. பெரிய அலை அங்கேயே உடைந்து, பின்னால் அமைதியான நீரில் மணல் படிகிறது. ஆனால் திட்டு மணலை உற்பத்தி செய்யாது. துறைமுக வாயிலில் தூர்வாரும் மணல் வடக்கே வருவது நின்றால், திட்டுக்குப் பின்னால் சேர்வது அடுத்த குப்பத்தின் பங்காகிவிடும்.

அலை எட்டாத மேல்கரையில் காற்றும் உதவும். பனை மட்டையால் பாதி அடைப்பும் பாதி இடைவெளியுமாக ஒரு மீட்டர் உயர வேலி நட்டால் காற்று வேகம் குறைந்து மணலைக் கீழே போடும். முழுக்க அடைத்தால் காற்று சுழன்று வேலியின் அடியையே அரிக்கும். அந்த மேட்டில் அடும்புக் கொடியும் இராவணன் மீசையும் நட வேண்டும், கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி, வடகிழக்கு மழை தொடங்கும்போது. இராவணன் மீசையின் முள்பந்து காற்றில் உருண்டோடி விதை பரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். மணல் மூட மூட அதன் தண்டு புதிய கணுவில் வேர்விட்டு மேலேறும். மேடும் கூடவே வளரும். சவுக்கு இதைச் செய்யாது. அதன் சருகு இந்தக் கொடிகளை வளரவிடாது, பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) முட்டையிடும் இடத்தையும் அடைத்துக்கொள்ளும்.

ஆமைக்காக இன்னொன்றும் செய்ய வேண்டும். புது மணலை அலை வெட்டி, இடுப்புயரத்துக்குச் செங்குத்துப் படி உண்டாக்குவது வழக்கம். ஆமையால் அதில் ஏற முடியாது. ஜனவரிக்கு முன்பே படியைச் சரித்து, இயந்திரம் ஓடி இறுகிய மணலை உழுதுவிட வேண்டும். அதோடு, நிலையான அளவுக்கல்லிலிருந்து கடலுக்குள் வரை கரையின் குறுக்குவெட்டை மழைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். அடுத்த முறை எங்கே, எவ்வளவு கொட்டுவது என்பதை அந்த இரண்டு அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் சொல்லிவிடும்.