பிடித்து எறிவது அநியாயமா?

கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடி வீடு ஒன்றில் நாலு பேர் கூடி ஸ்ட்ரீட் ஃபைட்டர் என்ற சண்டை வீடியோ கேம் ஆட உட்கார்ந்தால், அரை மணி நேரத்துக்குள் ஒரு வீட்டுச் சட்டம் பிறந்துவிடும்: "அண்ணே, சும்மா சும்மா பிடித்து எறியக் கூடாது!" திரையின் மூலையில் மாட்டியவனை எழ எழ எறிவது கோழைத்தனம் என்பது நம் பிள்ளைகளின் தீர்ப்பு. உண்மையில், எறிதலைத் தடைசெய்தால்தான் ஆட்டம் கெடும்.

இந்த ஆட்டத்தின் அடித்தளம் மூன்று செயல்கள். அடியைத் தடுப்பு வெல்லும். தடுப்பை எறிதல் வெல்லும். எறிய நெருங்குபவனை அடி வெல்லும். இதில் எறிதலை உருவிவிட்டால், தடுத்தபடியே குந்தியிருப்பவனை அசைப்பது பெரும்பாடு. ஒரே ஒரு அடி கூடுதலாக அடித்தவன், நேரம் முடியும்வரை அப்படியே ஒடுங்கியிருந்து ஜெயித்துவிடலாம். இதைவிட அநியாயம் வேறென்ன?

அப்படியிருந்தும் எறிபட்டவனுக்குக் கோபம் வருவதற்குக் காரணம் உண்டு. ஆட்டம் விநாடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், என்ற வேகத்தில் ஓடுகிறது. ஒரு ஃபிரேம் ஏறக்குறைய 17 மில்லி விநாடி. 2023-இல் வெளிவந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் எறிதல் 5 ஃபிரேமில், அதாவது சுமார் 83 மில்லி விநாடியில் பிடித்துவிடும். கண்ணால் கண்டு விரலை அசைக்க மனிதனுக்கு 200 முதல் 250 மில்லி விநாடி தேவை. ஆகவே எறிதலைப் பார்த்துத் தப்பிக்க முடியாது, ஊகித்துத்தான் தப்பிக்க வேண்டும். 26 ஃபிரேமில் மெதுவாக எழும் டிரைவ் இம்பாக்ட் என்ற பலத்த அடி தாக்கினால் "கவனிக்காமல் விட்டேன்" என்று நம்மையே நொந்துகொள்வோம். எறிதலில் அந்த ஆறுதல் கிடையாது.

அந்த ஊகத்தின் விலையும் இரு பக்கமும் சமமில்லை. ஆட்டத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் பெரும்பாலான வீரர்களின் உயிர்ப்பட்டை, அதாவது தாங்கும் சக்தி, 10,000. ஓர் எறிதல் அதில் சுமார் 1,200-ஐத் தின்னும். பிடியை உதறலாம் என்று முந்திக்கொண்டு பொத்தானை அழுத்துகிறீர்கள்; உதறுவதற்கும் எறிவதற்கும் ஒரே பொத்தான்தான். எதிராளியோ எறியாமல் அரை அடி பின்வாங்குகிறான். உங்கள் கைகள் காற்றைப் பிடிக்கின்றன. அந்த இடைவெளியில் அவன் தொடுக்கும் தொடர் அடி 3,000-ஐத் தாண்டலாம். அதனால்தான் தேர்ந்த ஆட்டக்காரர்கள் சில சமயம் தெரிந்தே எறிபடுகிறார்கள். மலிவான இழப்பு அது. ஆனால் மூலையில் எறிபட்டால் தூரம் கிடைக்காது. எழுந்ததும் அதே கேள்வி மறுபடி காத்திருக்கும். கொடுமைதான். ஆனாலும் குதிப்பது, எழும்போதே அடிப்பது போன்ற விடைகள் உண்டு.

எதிர்ப்பவனுக்கு விடையே கிடைக்காத வீரன் எப்படி இருப்பான் என்பதற்கு 1994-இல் வந்த சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போவைப் பார்க்க வேண்டும். அதில் ஒளித்து வைக்கப்பட்ட அகுமா, குதித்தபடியே சாய்வாகக் கீழ்நோக்கி நெருப்புருண்டை வீசுவான். நீங்கள் அதைத் தடுத்து முடிப்பதற்குள் தரையிறங்கி அடுத்ததற்குத் தயாராகிவிடுவான். பெரும்பாலான வீரர்களிடம் இதற்கு மாற்று இல்லை. அமெரிக்கப் போட்டிகள் அவனை வெளிப்படையாகவே தடைசெய்தன. ஜப்பானில் எழுதாத உடன்பாடே போதுமானதாக இருந்தது.

டெக்கன் 7 என்ற இன்னொரு சண்டை ஆட்டத்தின் வீரன் லீராய் வேறு வகை. 2019 டிசம்பரில் வந்தான். அடுத்த மாதமே ஈவோ ஜப்பான் என்ற சண்டை ஆட்டப் போட்டியில் கடைசி எட்டுப் பேரில் ஆறு பேர் அவனைத்தான் எடுத்தார்கள். நம் அண்டை நாடான தாய்லாந்தின் ஆட்டக்காரர் புக் வென்றதும் அவனை வைத்தே. பிறகு வந்த புதுப்பிப்புகளில் அவன் பலம் குறைந்தது. மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2 என்ற ஆட்டத்தின் கதையோ விசித்திரம்: அதன் 56 வீரர்களில் மேக்னீட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் ஆகிய நால்வரே மேடையை ஆண்டார்கள். ஆனாலும் யாரும் தடை கேட்டுக் கொடி பிடிக்கவில்லை, ஏனெனில் இரு தரப்பும் அந்த நால்வரிலிருந்தே பொறுக்கிக்கொண்டன.

பலத்தைக் குறைப்பதென்றால் அடியின் வலிமையை வெட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் வெட்டு விழுவது நேரத்தில். எதிராளி தடுத்தபின் மீள்வதில் 3 ஃபிரேம் பின்தங்கும் ஓர் உதையை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மிக விரைவான குத்துக்கே 4 ஃபிரேம் வேண்டும், எனவே உதைத்தவன் பிழைத்துக்கொள்வான். அதே உதையை 4 ஃபிரேம் பின்தங்கச் செய்துவிட்டால், தடுத்த ஒவ்வொரு முறையும் அந்தக் குத்து அவன் முகத்தில் விழும்.