சுழன்று காட்டிய புரதம்

நாம் இழுக்கும் மூச்சு நுரையீரலோடு முடிந்துவிடுவதில்லை. ரத்தத்தில் ஏறிப் போகும் ஆக்சிஜன் கடைசியில் போய்ச் சேர்வது செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில். சாப்பாட்டிலிருந்து கிடைத்த எலக்ட்ரான்களை அங்கே உள்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள் கைமாற்றிக் கைமாற்றி ஆக்சிஜனிடம் ஒப்படைக்கின்றன. அந்தக் கைமாற்றத்தில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டே புரோட்டான்களைச் சவ்வுக்கு வெளியே தள்ளுகின்றன. அணையில் தேங்கிய தண்ணீர் போல அவை உள்ளே திரும்ப முட்டிக்கொண்டு நிற்கும். பீட்டர் மிட்செல் 1961-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தபோது துறையில் பலர் ஏற்கவில்லை. 1978-இல் இதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சரி, அணை இருக்கிறது. டர்பைன் எது? ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். செல்லின் எரிபொருளான ஏடிபியை உண்டாக்குவது இதுதான். இதன் உள்ளே ஏதோ சுழல வேண்டும் என்று அமெரிக்காவில் பால் போயர் வாதிட்டார். கேம்பிரிட்ஜில் ஜான் வாக்கர் குழு 1994-இல், மாட்டு இதயத்திலிருந்து பிரித்த இந்தப் புரதத்தின் தலைப்பகுதி வடிவத்தை வெளியிட்டது. ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி ஆறு துண்டுகள் வட்டமாக நிற்க, நடுவே கொஞ்சம் வளைந்த ஒரு தண்டு. ஏடிபி செய்யும் மூன்று சுளைகளும் மூன்று வெவ்வேறு நிலையில் இருந்தன. ஒன்று காலியாகவே கிடந்தது. தண்டு சுழன்றால் ஒவ்வொரு சுளையும் முறை வைத்துப் பிடிக்கும், இறுக்கும், விடும். ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி.

ஆனால் அது அசையாத படம். சுழல்வதைக் கண்ணால் பார்க்க வேண்டாமா? ஜப்பானில் ஹிரோயுகி நோஜியும் குழுவினரும் 1997-இல் அதைச் செய்தார்கள். புரதத்தின் தலையைக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து ஒட்டினார்கள். மேலே நீட்டிய தண்டில், புரதத்தைவிட நூறு மடங்குக்கு மேல் நீளமான, ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழை ஒன்றைக் கட்டினார்கள். அப்புறம் ஏடிபியை ஊற்றினார்கள். நுண்ணோக்கியின் கீழ் அந்த இழை ராட்டினம் போலச் சுற்ற ஆரம்பித்தது, எப்போதும் ஒரே திசையில். பரிசோதனைகளில் இவ்வளவு அழகானவை மிகக் குறைவு என்பேன். அதே ஆண்டு போயரும் வாக்கரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

அங்கே ஏடிபியைச் செலவழித்துத் தண்டு சுழன்றது. நம் செல்லில் நடப்பது இதன் மறுதிசை: புரோட்டான்கள் தண்டைச் சுழற்ற, ஏடிபி பிறக்கிறது. 2004-இல் ஜப்பானியக் குழு ஒன்று தண்டில் காந்தமணியைப் பொருத்தி, வெளியிலிருந்து காந்தத்தால் எதிர்த்திசையில் சுழற்றிப் பார்த்தது. ஏடிபி உண்டானதா என்று சொல்ல, மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் நொதியை உடன் சேர்த்திருந்தார்கள். ஏடிபி இருந்தால்தான் அது மினுங்கும். தண்டு சுழலச் சுழல, அது மினுங்கியது.