நகையை அடகு வைக்கும் முன் ஐபிஏவைப் படியுங்கள்

பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்ப நகைக்கடன் கேட்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது சம்பளத்தைத்தான். "சிங்கப்பூரில் மாதம் 800 வெள்ளி (டாலர்) வரும் என்று ஏஜெண்ட் சொல்கிறார்" என்பார்கள். மன்னார்குடி, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வட்டார வங்கிக் கிளைகளில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். சம்பளத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? சாப்பாடு யார் பொறுப்பு? தங்குமிடத்துக்குப் பிடித்தம் உண்டா? நகைக்கடன் போக மீதிப் பணத்தை எங்கே, என்ன வட்டிக்கு வாங்குகிறீர்கள்? இவற்றை நான் கேட்கும்போது பெரும்பாலான குடும்பங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றன.

சிங்கப்பூர் ஒர்க் பெர்மிட்டில் போகிறவருக்கு இந்த விடைகளில் பெரும்பகுதி ஒரே தாளில் இருக்கிறது. அதுதான் ஐபிஏ எனப்படும் முன் ஒப்புதல் கடிதம். அடிப்படைச் சம்பளம், படிகள், மாதாமாதம் பிடிக்கும் தொகை எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். தொழிலாளி புறப்படும் முன்பே, அவருக்குப் புரியும் மொழியில் அதை அனுப்பவேண்டியது முதலாளியின் கடமை. ஆனால் இங்கே பல பிள்ளைகள் அதை விமான நிலைய வாசலில்தான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள். அதற்குள் பணம் கைமாறியிருக்கும், நகை பெட்டகத்துக்குள் போயிருக்கும். ஐபிஏவைக் கண்ணால் காணாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அந்த 800 வெள்ளியையே எடுத்துக்கொள்வோம். ஐபிஏவில் அடிப்படைச் சம்பளம் 520 என்று இருக்கிறது. மிச்சம் 280 ஓவர்டைமில் வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஓவர்டைம் கூலி, அடிப்படை மணிக்கூலியைப் போல ஒன்றரை மடங்கு. 520 வெள்ளிக்கு அது மணிக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 10 காசு. 280 வெள்ளி சேர மாதம் 68 மணி நேரம் கூடுதலாக உழைக்கவேண்டும். சட்டம் அனுமதிக்கும் உச்சமே மாதத்துக்கு 72 மணி நேரம்தான். அதாவது ஏஜெண்ட் சொன்ன 800 என்பது, உடம்புக்கு ஒன்றும் வராமல், மழையில் வேலை நிற்காமல், கம்பெனிக்கு ஆர்டர் குறையாமல் ஓடும் மாதத்தின் சம்பளம். எல்லா மாதமும் அப்படி ஓடுவதில்லை.

இனி அங்கே ஆகும் செலவு. கேட்டரிங் சாப்பாட்டுக்கு 150, போனுக்கு 20, சோப்பு, மருந்து, துணிமணிக்கு 20, ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போய்வரும் செலவோடு மற்றவை 60 என்று சிக்கனமாகவே போட்டாலும் 250 வெள்ளி ஆகிறது. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று கணக்கிட்டால், 800 வரும் மாதத்தில் மிஞ்சுவது 35,750 ரூபாய். வெறும் 520 வரும் மாதத்தில் மிஞ்சுவது 17,550 ரூபாய்தான்.

போவதற்கு 3 லட்சம் கடன் வாங்கியிருந்தால்? ஊரில் இரண்டு வட்டி என்றால் மாதம் 6,000 ரூபாய். வீட்டுச் செலவு 12,000. ஆக மாதா மாதம் 18,000 வேண்டும். ஓவர்டைம் இல்லாத மாதத்தில் வட்டியும் வீட்டுச் செலவும் கட்டவே 450 ரூபாய் குறைகிறது. அசலில் ஒரு காசும் குறையவில்லை. அதே 3 லட்சம் ஆண்டுக்கு 9 சதவீதத்தில் வங்கி நகைக்கடனாக இருந்தால் வட்டி மாதம் 2,250 ரூபாய். 3,300 ரூபாயாவது அசலுக்குப் போகும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபின் கடன் தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். கடனை அடைக்கும் திட்டம் அடிப்படைச் சம்பளத்தில் நிற்கவேண்டும். ஓவர்டைம் வந்தால் கடன் சீக்கிரம் தீரட்டும். அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

இவ்வளவு பணம் ஏன் கேட்கிறார்கள் என்பதையும் பேசியாகவேண்டும். இந்தியாவில் பதிவு பெற்ற ஆட்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும்தான். முகவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் எவரும் பார்க்கலாம். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. சிங்கப்பூரில் லெவி (வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்துக்கொள்ள அரசுக்குக் கட்டும் வரி), மருத்துவக் காப்பீடு ஆகியவை முதலாளியின் செலவு. தொழிலாளியின் தலையில் அவற்றைக் கட்டுவது அங்கே குற்றம். இதையெல்லாம் சொன்னால், "கேள்வி கேட்டால் வேறு ஆளை அனுப்பிவிடுவார் சார்" என்கிறார்கள். அந்தப் பயத்துக்கு உள்ள விலைதான் அந்த லட்சங்கள். கொடுத்தே தீருவது என்றால் வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். ரசீது தரமாட்டேன் என்பவரிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். விசிட் விசாவில் போய் வேலை மாற்றிக்கொள்ளலாம் என்பவரையும், கம்போடியா, மியான்மர் பக்கம் கணினி வேலை என்பவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கும் கேள்விகள் இவையேதான். கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி தங்குமிடம் தராவிட்டால் 500 ரியாலும், சாப்பாடு தராவிட்டால் 300 ரியாலும் கூடுதலாகத் தரவேண்டும். அப்படியென்றால் "1,800 ரியால் சம்பளம்" என்று சொல்லி, அறை வாடகையையும் சாப்பாட்டையும் உங்களையே பார்த்துக்கொள்ளச் சொன்னால் கையில் நிற்பது 1,000 ரியால் அளவுக்குத்தான். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெறவேண்டும். அதோடு எடுக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு 10 லட்சத்துக்கானது. இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் 275 ரூபாய். அதை எடுத்த தாளின் நகல் வீட்டில் இருக்கட்டும்.

போய்ச் சேர்ந்தபின் பிள்ளைகளை அமுக்குவது பெரும்பாலும் அங்குள்ள செலவு மட்டுமல்ல, பணம் கேட்டு இங்கிருந்து போகும் போனும்தான். முதல் சம்பளத்தையே முழுதாக அனுப்பச் சொல்லாதீர்கள். ஒரு மாதச் செலவுத் தொகை அவர் கையில் எப்போதும் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அங்கேயும் கடன் வாங்குவார். ஆடி, ஆவணியில் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்துகள் நடக்கும்போது, வெளிநாட்டுப் பணம் வருகிற வீடு என்பதற்காகவே மொய்த் தொகையை ஏற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு மாடி எடுப்பதும் அப்படித்தான். கடன் தீரும்வரை இரண்டையும் தள்ளிப்போடுங்கள் என்று நான் சொன்னால் வருத்தப்படுகிறார்கள். மாதக் கடைசியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு பணம் அனுப்புகிற மகன் அதை வீட்டில் சொல்வதில்லை. சமைக்க வசதியுள்ள இடமானால் நான்கைந்து பேர் சேர்ந்து பொங்கிச் சாப்பிடுவது நல்லது. கேட்டரிங்கில் மதியச் சோற்றை விடியற்காலையிலேயே கட்டிவிடுவதால் நண்பகலுக்குள் கெட்டுப்போகிறது, அதைக் கொட்டிவிட்டுக் கடையில் வாங்கினால் செலவு இரட்டிக்கிறது என்று ஊர் திரும்பியவர்கள் சொல்கிறார்கள்.

பணத்தை உண்டியலில், அதாவது வங்கியில்லாமல் ஆள் மூலம் கைமாற்றும் ஹவாலா வழியில், அனுப்பாதீர்கள். சில காசு கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அது சட்டவிரோதம், பணம் வராவிட்டால் கேட்க இடமில்லை, நாளை வீட்டுக்கடன் கேட்கும்போது வருமானத்துக்கு ஆதாரமும் இல்லை. புறப்படும் முன் வங்கியில் சொல்லி, இருக்கிற சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வரவுக்கான கணக்கு) மாற்றி, புதிதாக என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்புவதற்கானது) ஒன்றைத் தொடங்குங்கள். என்ஆர்இ வட்டிக்கு இங்கே வருமான வரி இல்லை. அம்மாவோ மனைவியோ அந்தக் கணக்கிலிருந்து உள்ளூர்ச் செலவுக்குப் பணம் எடுக்க, அதிகாரக் கடிதம் ஒன்றில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம். இதைச் செய்யாமல் போய்விட்டு, மேட்டூரில் தண்ணீர் திறந்து நடவுக்குப் பணம் தேவைப்படும் நாளில் மகன் கணக்கில் பணம் இருந்தும் எடுக்க வழியில்லாமல் மறுபடி வட்டிக்கடைக்குப் போனவர்கள் உண்டு.