மானியம் இருக்க உதவித்தொகை எதற்கு?

அமெரிக்க விவசாயச் செய்தியைத் தமிழில் தருகிறவர்கள் சிலர் ‘உழவர் உதவித்தொகை’ என்று எழுதுகிறார்கள். படிக்கிறவர் மனத்தில் என்ன வரும்? கல்லூரி மாணவியும் முதியோரும் வாங்குகிற பணம்தான் வரும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் நூற்றுக்கணக்கான ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறவரை அந்த வரிசையில் நிறுத்தலாமா?

மூலச்சொல் சப்சிடி. லத்தீனில் சப்சிடியம் என்றால் பின்னால் நிறுத்தி வைத்த துணைப்படை. ஆங்கிலத்துக்கு வந்தபோது அது நாடாளுமன்றம் அரசருக்கு ஒதுக்கிய வரிப்பணம் ஆயிற்று. இன்று பணம் எதிர்த்திசையில் போகிறது. வேர்க்கதை இவ்வளவுதான்.

சிக்கல் உதவித்தொகையில்தான் இருக்கிறது. உதவி என்றால் வாங்குகிறவரின் தேவையைப் பார்த்துக் கொடுப்பது. அமெரிக்கக் கணக்கு அப்படிப் போவதில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் ஆட்சியில் 1933-இல் வந்த சட்டம், சாகுபடிப் பரப்பைக் குறைப்பவருக்குப் பணம் கொடுத்தது. விளைச்சல் குவிந்து விலை சரியக் கூடாது என்பதே நோக்கம். 2014-இல் வந்த வேளாண் சட்டமோ விலை விழுந்தால் ஒரு திட்டம், வருவாய் விழுந்தால் இன்னொரு திட்டம் என்று வைத்தது. இரண்டாவதில் கவுண்டி அளவிலான பிரிவு ஒன்று உண்டு; கவுண்டி என்பது மாநிலத்துக்குள் இருக்கும் சிறு ஆட்சிப் பகுதி. கவுண்டியின் சராசரி வருவாய், முந்தைய ஆண்டுகளை வைத்துப் போட்ட அளவுகோலில் 86 சதவீதத்துக்குக் கீழே போனால் பணம் என்றது அந்தச் சட்டம். உங்கள் வயலில் மட்டும் விளைச்சல் பொய்த்தால் அதில் ஒன்றும் கிடைக்காது. கவுண்டி முழுவதும் சரிந்து உங்கள் வயல் மட்டும் நன்றாக விளைந்திருந்தாலும் கிடைக்கும்! அதுவும் பழைய சாகுபடிப் பதிவில் உள்ள ஏக்கரில் 85 சதவீதத்துக்கு. மூன்றாண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் தகுதி போகும் என்றது அந்தச் சட்டம். இதற்குப் போய் உதவி என்று பெயர் வைப்பதா?

இந்தப் பணம் நிலத்தோடு ஒட்டியது. மானியம் என்ற சொல்லும் அப்படித்தான். கோயிலுக்கும் ஊர் வேலை செய்தவர்களுக்கும் வரியில்லாமல் விட்ட நிலத்துக்கே முதலில் அந்தப் பெயர். மான்யம் வடசொல் ஆயிற்றே என்பார்கள் தூய தமிழ் அன்பர்கள். சரி, கல்வெட்டில் இறையிலி இருக்கிறது. ஆனால் அது வரி இல்லை என்று மட்டும் சொல்லும், கைக்கு வரும் பணத்தைச் சொல்லாது. நல்கை? பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்காகத் தரும் பணத்துக்கு அது அருமையான சொல். அங்கே மானியக் குழு என்பதை நல்கைக் குழு என்று மாற்றினால் நானும் கைதட்டுவேன். அதையே இங்கேயும் இழுத்து வந்தால் ஆய்வுப் பணமும் உழவர் பணமும் மறுபடி ஒரே பெயருக்குள் வந்துவிடும். உர மானியம் என்று கடைக்காரர் வரை பழகிய சொல்லைக் கலைத்து என்ன லாபம்?

மொழிபெயர்ப்பாளர்கள் திட்டத்தின் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், விதியைப் படிப்பதில்லை. கவுண்டியை மாவட்டம் என்று எழுதுவதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அயோவாவில் மட்டும் 99 கவுண்டிகள், பலவும் மக்கள்தொகையில் நம் தாலுகாவைவிடச் சிறியவை. 1985-இல் வந்த நிலப் பாதுகாப்புத் திட்டத்தையும் உதவித்தொகை என்று எழுதுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. 10 முதல் 15 ஆண்டு வரை பயிர் செய்யாமல் புல்லோ மரமோ வளர்க்க அரசு ஒப்பந்தம் போட்டு, ஏக்கருக்கு இவ்வளவு என்று ஆண்டுதோறும் கொடுக்கிற பணம் அது. அமெரிக்க அரசே அதை வாடகை என்றுதான் சொல்கிறது. நமக்குக் குத்தகைப் பணம்.