குற்றக் கதைகள் வாசிப்பவர்களுக்கு ஒரு தடயவியல் மருத்துவரின் வேண்டுகோள்

"எத்தனை மணிக்கு உயிர் போயிருக்கும், டாக்டர்?"

பிரேதப் பரிசோதனை முடிந்து வெளியே வந்ததும் உறவினர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். மாலை ஆறு மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் இருக்கலாம் என்பதுபோல ஒரு பதில் சொல்வேன். கேட்டவர் முகம் வாடும். சிலருக்கு அந்த ஏமாற்றம் அப்படியே சந்தேகமாக மாறிவிடும். அண்ணனைப் பறிகொடுத்த ஓர் இளைஞர் நேராகவே கேட்டார்: "கதையில எல்லாம் ஒன்பதே முக்கால்னு சரியாச் சொல்றாங்களே, நீங்க ஏன் மழுப்புறீங்க?" அவர் கோபத்தில் தவறே இல்லை. உடலைத் தொட்டுப் பார்த்ததுமே மருத்துவர் நேரம் சொல்லும் காட்சியைத்தான் அவர் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறார்.

நடைமுறை வேறு. உடல் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பதை வைத்து இறப்பு நேரத்தைக் கணிக்க, ஜெர்மனியைச் சேர்ந்த ஹென்ஸ்கே உருவாக்கிய வரைபடத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். உடலின் உள்வெப்பம், அறையின் வெப்பம், எடை, உடுத்தியிருந்த துணி எல்லாம் பிசகில்லாமல் தெரிந்திருந்தாலும், அது தரும் விடைக்கு முன்னும் பின்னும் 2.8 மணி நேரம் விட்டுத்தான் சொல்ல வேண்டும். சாதகமான சூழலிலேயே இப்படி. காய்ச்சலோடு இறந்தவர், ஈரத்தில் கிடந்தவர், காற்று வீசும் இடத்தில் கிடந்தவர் என்றால் இடைவெளி இன்னும் விரியும். அறையும் உடலும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருந்தால் இந்த முறையே உதவாது. அதனால் நேர இடைவெளி சொல்லும் மருத்துவர் எதையோ மறைக்கிறார் என்று நினைக்காதீர்கள். நிமிடக் கணக்காகச் சொல்பவரிடம்தான் கேள்வி கேட்க வேண்டும்.

உடலில் தெரியும் நிறங்களும் இப்படித்தான் ஆளை ஏமாற்றும். இறந்தபின் ரத்தம் தாழ்வான பக்கம் இறங்கித் தேங்கும். சில மணி நேரத்தில் முதுகெல்லாம் ஊதாத் திட்டுகளாகத் தெரியும். பார்ப்பவர் அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்று அலறுவார். வாயிலும் மூக்கிலும் நுரை கண்டால் விஷம் என்று முடிவு கட்டிவிடுவார்கள். இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் நுரை வரும், மூழ்கி இறந்தாலும் வரும். எறும்பு கடித்த இடம் சிராய்ப்புப் போலவும் அமிலம் பட்டதுபோலவும் இருக்கும். இவற்றைப் படமெடுத்து, "இது கொலை, இன்னார்தான் செய்தார்" என்ற வாசகத்தோடு செல்பேசியில் சுற்றவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். பரிசோதனை மேசைக்கு உடல் வந்து சேரும் முன்பே ஊர் ஒருவரைக் குற்றவாளியாக்கி முடித்திருக்கும். அறிக்கை வந்தபின் அந்தப் படங்களை யாரும் திரும்பப் பெறுவதில்லை.

குற்ற நூல்களே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நானும் அவற்றை விரும்பி வாசிப்பவன்தான். அகதா கிறிஸ்டி முதல் உலகப்போர்க் காலத்தில் மருந்தகத்தில் வேலை பார்த்தவர். நஞ்சுகளை அங்கேதான் கற்றார். 1961-ல் வந்த அவருடைய 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் நஞ்சு ஏறியவர்களுக்கு முடி கொட்டுவது வருகிறது. 1977-ல் லண்டன் மருத்துவமனை ஒன்றில், என்ன நோயென்றே பிடிபடாமல் ஒரு கைக்குழந்தை மோசமாகிக்கொண்டே போனது. அங்கே பணியிலிருந்த செவிலியர் அப்போது அந்த நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். குழந்தைக்கும் முடி கொட்டுவதைக் கண்டு, தாலியமாக இருக்குமோ என்றார். பரிசோதித்தார்கள், அதுவே உறுதியானது. குழந்தை பிழைத்தது.

இந்தச் சம்பவத்தை மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன். சொல்லும்போது ஒன்றை அழுத்திச் சொல்வேன்: நாவல் அந்தச் செவிலியருக்கு ஒரு ஐயத்தைத்தான் தந்தது; அதைச் சோதனை உறுதிப்படுத்தியது. கதை பொருந்துகிறதே என்று சோதனையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம் மொழியிலேயே ஒரு பெரும் நூல் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தைக் கற்பின் காவியமாகப் பள்ளியில் படித்தோம். ஒரு தடயவியல் மருத்துவராக இப்போது வாசிக்கும்போது, தவறான தண்டனை எப்படி நிகழ்கிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன நூல் வேறு உண்டா என்று வியக்கிறேன். அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அவனே கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். குற்றம் சாட்டுபவனுக்கு அந்தக் குற்றச்சாட்டால் என்ன ஆதாயம் என்று அரசவையில் ஒருவரும் கேட்கவில்லை. அரசனுக்கோ ஊடிப்போன மனைவியிடம் போகும் அவசரம். "கன்றிய கள்வன் கையது ஆகின் கொன்றச் சிலம்பு கொணர்க" என்கிறான். பொருள் கையில் இருந்தால் போதும், கள்வன்தான். அந்தப் பொருள் அவன் கைக்கு எப்படி வந்தது என்ற விசாரணைக்கு அந்த ஆணையில் இடமே இல்லை.

என்னை உலுக்குவது அடுத்த காட்சி. கொல்லப் போன காவலர்கள் தயங்குகிறார்கள். இவன் கொலைப்படும் மகன் அல்லன், தோற்றம் அப்படி இல்லை என்கிறார்கள். பொற்கொல்லன் சிரித்துவிட்டு ஒரு சொற்பொழிவே ஆற்றுகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களின் எட்டு வழிகளை வகை பிரித்து விளக்குகிறான். கேட்கக் கேட்க நம்பத் தோன்றும் பேச்சு. கோவலன் திருடினான் என்பதற்கு அதில் ஒரு சான்றுகூடக் கிடையாது. கள்வர்கள் பொதுவாக எப்படிப்பட்டவர்கள் என்ற அறிவு, இந்த மனிதன் கள்வன் என்பதற்கான நிரூபணமாக உருமாறிவிடுகிறது. ஒரு காவலன் தான் முன்பு கண்ட கள்வனின் கதையைச் சேர்க்கிறான். கடைசியில் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான்.

பிறகுதான் சோதனை நடக்கிறது. கண்ணகி தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள்; அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். உடைத்துப் பார்க்கிறார்கள். கொலைக்கு முன்பே ஒரு நிமிடத்தில் முடித்திருக்கக்கூடிய ஒப்பீடு அது.

காவலர்களின் தயக்கத்தையும் கவனியுங்கள். அவர்கள் சொன்ன முடிவு சரி, காரணம் தவறு. முகத்தைப் பார்த்துக் குற்றவாளியை அறியலாம் என்ற அதே நம்பிக்கையைத்தான் 1876-ல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ தம் நூலில் ஒரு கோட்பாடாகவே ஆக்கினார்: பிறவிக் குற்றவாளிக்குத் தாடையும் நெற்றியும் காதும் தனியாகத் தெரியும் என்றார். 1913-ல் ஆங்கிலச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் ஆயிரக்கணக்கான கைதிகளை அளந்து, சிறைக்கு வெளியே இருப்பவர்களோடு ஒப்பிட்டு, அப்படி ஒரு தனி உடல்வகை இல்லை என்று காட்டினார். ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. "பார்த்தாலே தெரியுதே" என்று இன்றும் காதில் விழுகிறது.

பொற்கொல்லனின் சொற்பொழிவுக்கு நம் காலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. 1992-ல் லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில், சிறு மகனின் கண்ணெதிரே ஓர் இளம் தாய் கொல்லப்பட்டார். கொலையாளியின் மனஅமைப்பு இப்படித்தான் இருக்கும் என்று ஓர் உளவியலாளர் விவரித்தார். அந்த விவரிப்புக்குள் ஒரு மனிதர் பொருந்தினார். மாறுவேடத்தில் ஒரு பெண் காவலரை மாதக்கணக்கில் அவரோடு பழகவிட்டார்கள். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் வழக்கு நீதிமன்றம் போனது. 1994-ல் நீதிபதி அந்தச் சான்றுகளை ஏற்க மறுத்தார், வழக்கு விழுந்தது. உண்மையில் கொன்றவர் வேறொருவர். மேம்பட்ட டிஎன்ஏ சோதனை அவரைக் காட்டிக்கொடுத்து, 2008-ல்தான் அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அதற்குள், 1993-ன் இறுதியில், அதே ஆள் இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றிருந்தார். தவறான ஒருவரைப் பிடித்து வைப்பது அவருக்கு மட்டும் இழைக்கும் அநீதி அல்ல. உண்மைக் குற்றவாளி வெளியே நடமாடுகிறார்.

நினைவின் கதையும் சொல்ல வேண்டும். உளவியலாளர்கள் எலிசபெத் லோஃப்டஸும் ஜான் பால்மரும் 1974-ல் ஒரே கார் விபத்துப் படத்தைப் பலருக்குக் காட்டினார்கள். "கார்கள் இடித்தபோது" என்று சிலரிடமும், "மோதி நொறுங்கியபோது" என்று வேறு சிலரிடமும் வேகத்தைக் கேட்டார்கள். இரண்டாவது கேள்வி கேட்கப்பட்டவர்கள் அதிக வேகத்தைச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, படத்தில் இல்லாத உடைந்த கண்ணாடியைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் அவர்களிடையேதான் அதிகம். யாரும் பொய் சொல்லவில்லை. நீங்கள் எதற்காவது சாட்சியாக நேர்ந்தால், மற்றவரோடு பேசுவதற்கு முன், செய்தி பார்ப்பதற்கு முன், கண்டதை உங்கள் சொற்களிலேயே எழுதி வையுங்கள். மறந்த இடத்தை மறந்துவிட்டது என்றே எழுதுங்கள்.

இனி சொல்லப்போவது எனக்கு மிக முக்கியம்.

பெரும்பாலான கதைகளில் கொலையாளி இருட்டிலிருந்து வருகிறான். ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத்தடுப்பு அலுவலகக் கணக்குப்படி 2023-ல் உலகில் கொல்லப்பட்ட பெண்களும் சிறுமிகளும் ஏறக்குறைய 85,000 பேர். அவர்களில் சுமார் 51,100 பேரைக் கொன்றது துணைவரோ குடும்பத்தாரோதான். ஒரு நாளுக்கு 140 பேர். தொடர் கொலைகாரனைப் பற்றி வாசித்துக் கதவைத் தாழிட்டுக்கொள்கிறோம். ஆபத்து பல நேரம் தாழ்ப்பாளுக்கு உள்ளேயே இருக்கிறது.

அதில் ஓர் அறிகுறியை எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்: கழுத்தை நெரிப்பது. "கோபத்துல கழுத்தைப் பிடிச்சார், உடனே விட்டுட்டார்" என்று பெண்கள் சாதாரணமாகச் சொல்வார்கள். துணைவர் ஒரு முறை கழுத்தை நெரித்திருந்தால், பின்னால் அவர் கையால் கொல்லப்படும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கதையில் விரல் தடங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். நேரில் பல பேருக்கு வெளியே ஒரு தடமும் இருக்காது. குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், சில நொடி நினைவு தப்பியது, தன்னையறியாமல் சிறுநீர் போனது: இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருந்தால் சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். என்ன நடந்தது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பாலியல் வன்கொடுமை பற்றிய கதைகளும் நெடுங்காலமாகத் தீங்கு செய்து வருகின்றன. அங்கே அவள் போராடுவாள், கிழிந்த உடையும் நகக்கீறலும் இருக்கும். உண்மையில் அச்சத்தில் உடல் உறைந்து போவது மிகச் சாதாரணம். காயமே இல்லாதவர்கள் ஏராளம். காயம் இல்லை என்பதால் வன்கொடுமை நடக்கவில்லை என்று எந்த மருத்துவரும் எழுதக் கூடாது. அந்த உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெடும். குளிப்பதற்கு முன் வந்தால் நல்லது. குளித்துவிட்டாலும் வாருங்கள், நாள் கடந்திருந்தாலும் வாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதால், தடயத்தை விட உங்கள் உடல்நலத்துக்கே விரைவு தேவை.

எதை வாசிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, குற்றவாளியின் புத்திக்கூர்மையைக் கொண்டாடும் உண்மைக்கதைகளை நான் சொல்வதில்லை. 1888-ல் லண்டன் வைட்சாப்பலில் ஐந்து பெண்களைக் கொன்றவனைப் பற்றி ஒரு நூலகமே நிரம்பும் அளவுக்கு எழுதிவிட்டார்கள். யாரென்றே தெரியாத அவனுக்கு 'ஜாக் தி ரிப்பர்' என்ற பட்டப்பெயர் நிலைத்தது. அந்த ஐவரும் 'விலைமாதர்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டார்கள். ஹேலி ரூபன்ஹோல்ட் 2019-ல் எழுதிய 'தி ஃபைவ்' அந்தப் பெண்களின் வாழ்க்கையை மட்டும் சொல்கிறது. ஐவரில் மூவர் அந்தத் தொழிலில் இருந்ததற்குச் சான்றே இல்லை என்று அவர் காட்டுகிறார். எந்தக் குடியிருப்பில் ஒருத்தி பிள்ளைகளோடு வாழ்ந்தாள், மணவாழ்வு எப்படி முறிந்தது, குடி எப்படிப் பிடித்தது, தங்கும் விடுதிக்குச் சில்லறை இல்லாத இரவில் எங்கே படுத்தாள் என்றெல்லாம் பதிவேடுகளைத் தேடி எழுதியிருக்கிறார். கொலைகள் நடந்த விதத்தை அந்த நூல் விவரிக்கவே இல்லை. குற்ற நூல்களில் ஆர்வம் பிறக்கும் பதின்பருவப் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், தொடர் கொலைகாரர்களின் வரலாற்றுக்கு முன் இதைக் கையில் கொடுங்கள். சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையையும் வழக்குரை காதையையும் அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். அந்த வழக்கில் யார், எப்போது, என்ன கேட்டிருந்தால் கோவலன் பிழைத்திருப்பான் என்று அவர்களையே சொல்லவிடுங்கள்.