முதல் பாயிண்ட் ஷூ: வளரும் பிள்ளை என்று சைஸ் கூட்டாதீர்கள்

"பிள்ளை வளர்கிறாள். அரை சைஸ் கூட்டியே வாங்கிவிடலாமா?"

லண்டனில் நடனம் பயிலும் பிள்ளைகளின் கால்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பாலே வகுப்புக்கு மகளை அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். கேட்பதில் தவறில்லை. சீருடை, மழைக்கோட்டு, பள்ளிக்கூட ஷூ என்று எல்லாவற்றையும் அப்படி வாங்கித்தானே நாமும் வளர்ந்தோம்? ஆனால் பாலேயில் விரல் நுனியில் ஏறி நின்று ஆடுவதற்கென்றே செய்யப்படும் பாயிண்ட் ஷூவை மட்டும் அப்படி வாங்கக் கூடாது. பள்ளி ஷூ அரை சைஸ் பெரிதாக இருந்தால் கொஞ்சம் தொளதொளக்கும், அவ்வளவுதான். பாயிண்ட் ஷூ பெரிதாக இருந்தால் காலைக் காயப்படுத்தும்.

காரணம் ஷூ வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பாயிண்டில் நிற்பவள் விரல் நுனியில் நிற்கிறாள் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். நன்றாகப் பொருந்திய ஷூவில் உடல் எடை முழுவதும் விரல் நுனியில் இறங்குவதில்லை. விரல்களைச் சுற்றியிருக்கும் பாக்ஸ் என்ற கடினமான கூடு, பாதத்தின் முன்பகுதியைச் சுற்றிலும் பிடித்து எடையில் பெரும் பங்கை வாங்கிக்கொள்கிறது. பாதத்துக்கு அடியில் ஓடும் ஷாங்க் என்ற விறைப்பான பட்டை மிச்சத்தைத் தாங்குகிறது. பாக்ஸ் அகலமாகவோ நீளமாகவோ போய்விட்டால் பாதம் அதற்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். இறங்குகிற பாதத்தைத் தடுத்து நிறுத்த அங்கே இருப்பது பெருவிரல் நகம் ஒன்றுதான். நகத்துக்கடியில் இரத்தம் கட்டிக் கறுத்துப்போன விரலோடு வரும் சிறுமியின் ஷூவை வாங்கிப் பார்த்தால், அது இறுக்கமாக இருப்பதைவிடத் தளர்வாக இருப்பதையே நான் அதிகம் காண்கிறேன். "ஷூ கடிக்கிறது, பெரிதாக வாங்க வேண்டும்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். தேவைப்படுவது நேர் எதிரானது.

இந்தக் கூடு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. 1832இல் பாரிஸில் 'லா சில்ஃபீட்' என்ற பாலேயை ஆடிய நடனக் கலைஞர் மரீ தாக்லியோனி அணிந்தது, நுனியில் நூலால் தையல் போட்டு வலுவூட்டிய மெல்லிய சாட்டின் செருப்பு. அவரைத் தூக்கி நிறுத்தியது அவருடைய கால் பலம்தான். அந்த நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய நடனக்காரிகள் விறைப்பான ஷூக்களோடு வந்தார்கள். அவர்களில் ஒருவரான பியரீனா லெஞானி 1895இல் ரஷ்யாவில் 'ஸ்வான் லேக்'கில் ஒற்றைக் காலில் 32 முறை சுழன்று காட்டியது பாலே உலகில் இன்றும் பேசப்படுகிறது. ஷூ கெட்டியானதும் வித்தைகள் கூடின. கூடவே, பலமில்லாத காலையும் ஷூவைப் போட்டு நிறுத்திவிடலாம் என்ற ஆபத்தும் வந்து சேர்ந்தது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: அவள் கால் தயாரா?

சலங்கை பூஜை, அரங்கேற்றம் என்று நாள் குறித்துப் பழகியவர்கள் நாம். "அவளோடு சேர்ந்த பிள்ளைக்கு ஷூ கொடுத்துவிட்டார்கள், இவளுக்கு ஏன் இல்லை?" என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போன தந்தைகளை எனக்குத் தெரியும். பாயிண்ட் ஷூ படித்து முடித்ததற்கான பரிசு அல்ல. சர்வதேச நடன மருத்துவ அறிவியல் சங்கத்தின் வழிகாட்டுதல், 12 வயதுக்கு முன் வேண்டாம் என்கிறது. வாரம் ஒரே ஒரு பாலே வகுப்புக்குப் போகும் பிள்ளையை ஊக்குவிக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. ஆனால் 12 வயது ஆகிவிட்டது என்பது மட்டும் தகுதி ஆகிவிடாது. எலும்பு வளர்ச்சி நின்றுவிடுமோ என்ற பயத்தோடு வருபவர்களும் உண்டு. என் கவலை அதுவல்ல. கணுக்காலும் இடுப்பும் வயிற்றுத் தசையும் உடலைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றனவா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். காலை நீட்டி உட்காரவைத்து, பாதத்தை முழுவதுமாக நீட்டச் சொல்வேன். கணுக்காலின் மேற்புறம், பாதத்தின் நீளவாக்கில் ஒரு பென்சிலை வைப்பேன். அதன் பின்முனை முன்னங்கால் எலும்பில் முட்டாமல் தாண்டிப் போக வேண்டும். முட்டினால், பாயிண்டில் நேராக நிற்க அந்தக் கணுக்காலில் இன்னும் போதிய வளைவு இல்லை என்று பொருள். அப்படிப்பட்ட கால் ஷூவின் பின்புறமாகச் சாய்ந்தே நிற்கும். அடுத்தது விமானச் சோதனை. ஒற்றைக் காலில் நின்று, உடலை முன்னால் சாய்த்து, மறுகாலைப் பின்னால் நீட்டி, முழங்காலை மடக்கி விரல் நுனியால் தரையைத் தொட்டு எழ வேண்டும். ஐந்து முறையில் நான்கு முறையாவது முழங்கால் உள்ளே சரியாமல், இடுப்பு கோணாமல் செய்ய வேண்டும். வகுப்பில் அழகாக ஆடும் பிள்ளைகள் பலர் இங்கே இரண்டாவது முறையிலேயே தள்ளாடிவிடுகிறார்கள்.

பரதநாட்டியமும் பயிலும் பிள்ளைகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அரைமண்டியில் உழைத்த தொடைகள், தாளக் கட்டுப்பாடு, நீண்ட நேரம் ஆடும் தெம்பு எல்லாம் அவர்களுக்குப் பெரும் மூலதனம். ஆனால் முழங்காலை நீட்டி, குதிகாலை முழு உயரத்துக்கு எழுப்பி, அங்கேயே அசையாமல் நிற்பது வேறு பயிற்சி. ஏழு ஆண்டு பரதம் ஆடியிருக்கிறாள் என்பதற்காக அதைத் தாண்டிப் போக முடியாது.

சரி, ஆசிரியர் சம்மதித்துவிட்டார். இனிக் கடை. முன்பதிவு செய்து, ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போங்கள். பாதம் சற்றே வீங்கியிருக்கும் பிற்பகல் நேரம் நல்லது. நகங்களை நேராக, குட்டையாக வெட்டியிருக்க வேண்டும். வகுப்பில் அணியும் டைட்ஸையே கொண்டுபோங்கள். அளவு பார்த்துக் கொடுக்கும் அனுபவசாலி இல்லாத கடை என்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அங்கே நுழையாதீர்கள். இணையத்தில் முதல் ஜோடியை வாங்குவதைப் பற்றி நான் சொல்ல வேறொன்றும் இல்லை, வாங்காதீர்கள்.

நல்ல கடைக்காரர் முதலில் வெறும் பாதத்தைப் பார்ப்பார். விரல்கள் ஏறக்குறைய ஒரே நீளமா, பெருவிரலிலிருந்து சரிந்து இறங்குகின்றனவா, இரண்டாவது விரல் நீண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்துப் பாக்ஸின் வடிவம் மாறும். சரிந்து இறங்கும் விரல்களுக்கு நுனி குறுகிய பாக்ஸ். சமமான விரல்களுக்குச் சதுரமான பாக்ஸ். தெருவில் போடும் ஷூவின் எண்ணை மறந்துவிடுங்கள். இங்கே எண் பெரும்பாலும் அதைவிடச் சிறியதாகத்தான் வரும். வலது இடது என்ற பேதமும் பெரும்பாலான ஷூக்களில் கிடையாது, இரண்டும் ஒரே அச்சு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். லண்டனின் ஃப்ரீட் போன்ற பழைய நிறுவனங்களில் துணி, காகிதம், சாக்குத்துணி, பசை என்று அடுக்கடுக்காக ஒட்டி இன்றும் கையால்தான் செய்கிறார்கள். செய்தவரின் அடையாள முத்திரை அடிப்பாகத்தில் இருக்கும். கைவேலை என்பதால் ஒரே மாடல், ஒரே எண் கொண்ட இரண்டு ஜோடிகளும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது. அதனால் வாங்கும் ஜோடியையே போட்டுப் பார்க்க வேண்டும், அதன் மாதிரியை அல்ல.

போட்டதும் முதலில் தரையில் சும்மா நிற்கட்டும். விரல்கள் நீண்டு, நுனியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், மடங்கியிருக்கக் கூடாது. பிறகு முழங்காலை மடக்கிப் பிளியே செய்யட்டும். இப்போது விரல்கள் நுனியில் நன்றாக அழுந்தும். அழுந்தலாம், சுருளக் கூடாது. அடுத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பாயிண்டில் ஏறட்டும். இந்த நிலையில் குதிகாலுக்குப் பின்னால் இருக்கும் சாட்டின் துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். அரை சென்டிமீட்டர் அளவுக்கு மடிப்பு வந்தால் நீளம் சரி. கை நிறையத் துணி வந்தால் ஷூ நீளம். கிள்ளவே முடியாவிட்டால் குட்டை. பாக்ஸின் பக்கவாட்டில் சுண்டுவிரல் தாராளமாக நுழைந்தால் அகலம் அதிகம். மேலிருந்து பார்க்கும்போது விரல்களின் அடிமூட்டுகள் துணிக்கு வெளியே பிதுங்கித் தெரியக் கூடாது. பின்னால் நின்று பாருங்கள்: ஷாங்க் குதிகாலின் நடுவில் ஓட வேண்டும், ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு போகக் கூடாது.

இந்த நேரத்தில் பெற்றோர் செய்யக் கூடாத காரியம் ஒன்று உண்டு. "வலிக்கிறதா?" என்று கேட்காதீர்கள். எத்தனை ஆண்டு ஆசை! காலில் ஆணி குத்தினாலும் "இல்லை" என்றுதான் சொல்வாள். "எங்கே அழுத்துகிறது? பெருவிரல் நுனியிலா, சுண்டுவிரல் பக்கமா, மூட்டிலா? இரண்டு காலிலும் ஒரே மாதிரியா?" என்று கேளுங்கள். எல்லா விரலும் பரவலாக அழுந்துகிறது என்றால் நல்ல அறிகுறி. பெருவிரல் நுனி மட்டும் என்றால் அந்த ஜோடியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். பிள்ளையிடம் கேட்ட கேள்விக்கு அம்மா பதில் சொல்வதும் வேண்டாம்; கடைக்காரருக்கு அது எந்த உதவியும் செய்யாது.

அக்காவின் ஷூவைத் தங்கைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்வியும் அடிக்கடி வரும். ஒரு ஜோடி 50 பவுண்டைத் தாண்டும்போது கேட்காமல் இருக்க முடியுமா? சலங்கையைக் கொடுக்கலாம், பட்டுப்பாவாடையைக் கொடுக்கலாம், இதைக் கொடுக்க முடியாது. வியர்வையிலும் சூட்டிலும் பசை இளகி, பாக்ஸ் அக்காவின் பாதத்துக்கு வளைந்துகொடுத்திருக்கும். ஷாங்க் அவளுடைய வளைவில் முறிந்திருக்கும். சென்ற ஆண்டு ஒரு சிறுமி பெரியம்மா மகளின் ஷூவோடு வந்தாள். பாக்ஸின் பக்கங்களைக் கட்டைவிரலால் அழுத்தினேன். அட்டைப்பெட்டி நனைந்ததுபோல் உள்ளே போனது. வெளியே சாட்டின் பளபளவென்று புதிதாகத்தான் இருந்தது.

உள்ளே வைக்கும் பேட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெல்லிய ஜெல் பேடோ கொஞ்சம் ஆட்டு ரோமமோ போதும். வகுப்பில் எதை வைக்கப்போகிறாளோ அதை வைத்தே கடையிலும் அளவு பார்க்க வேண்டும். பெரிய ஷூவைத் தடித்த பேடால் நிரப்பிச் சரிக்கட்டுவது சைஸ் கூட்டும் அதே தவறின் மறுவடிவம். தரை தெரியாத கால் சமநிலையும் இழக்கும்.

வீட்டுக்கு வந்ததும் ஊசி நூலை எடுத்துவிடாதீர்கள். பெரும்பாலான கடைகள் ரிப்பன் தைத்த ஜோடியைத் திரும்ப வாங்காது. ஆசிரியர் பார்த்துச் சரி என்ற பிறகு தைக்கலாம். தைக்கும்போது விளிம்புக்குள் ஓடும் இழுகயிற்றில் ஊசி ஏறிவிடக் கூடாது. கட்டும்போது முடிச்சு குதிகால் நாணின் மேல் வராமல், உள்பக்கக் கணுக்கால் எலும்புக்கும் நாணுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். நாணின் மேல் முடிச்சுப் போட்டு, அங்கே வீங்கிப்போய் வருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நிறத்தைப் பற்றிப் பலர் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயங்க வேண்டியதில்லை. வெளிர் இளஞ்சிவப்பு என்பது வெள்ளைத் தோலை மனத்தில் வைத்து வந்த வழக்கம். கறுப்பு, பழுப்பு நிற நடனக் கலைஞர்கள் நெடுங்காலம் தங்கள் ஷூக்களின் மேல் முகப்பூச்சைத் தடவித்தான் நிறத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். 2018இல், கறுப்பின, ஆசிய நடனக் கலைஞர்களுக்கான பாலே பிளாக் குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறங்களில் பாயிண்ட் ஷூவை வெளியிட்டது. வேறு நிறுவனங்களிலும் இப்போது கிடைக்கின்றன. வகுப்பு அனுமதித்தால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் பொருத்தம் முதலில், நிறம் பிறகு.

ஷூவைக் கதவிடுக்கில் வைத்து நசுக்குவது, சுத்தியலால் அடிப்பது, ஷாங்கை வெட்டுவது என்று காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவை ஒரே நிகழ்ச்சியில் ஒரு ஜோடியைத் தீர்த்துவிடும் தொழில்முறைக் கலைஞர்களின் வேலைகள். புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு அந்த விறைப்பு தேவை. ஆசிரியர் சொல்லும் இடத்தில் கையால் மெதுவாக வளைத்தால் போதும். தொடக்கத்தில் வகுப்பின் கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும், அதுவும் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் பயிற்சி இருக்கும். வீட்டில் தனியாகப் போட்டு ஏறிப் பார்ப்பது கூடாது. வகுப்பு முடிந்ததும் பேடை வெளியே எடுத்து, ஷூவைக் காற்றாட வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் ஈரத்தில் பசை இளகிவிடும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தக் கிள்ளும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். விரல்கள் சுருள ஆரம்பித்துவிட்டால், ஷூ புதிதுபோல் இருந்தாலும் அதன் காலம் முடிந்தது. பணம் வீணாகிறதே என்ற வருத்தம் நியாயமானது. கால் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தால், சைஸ் கூட்டுவதற்குப் பதிலாக ஒரு பருவம் தள்ளிப்போடுங்கள் என்பதே என் யோசனை. அந்தப் பருவத்தில் அவள் எதையும் இழந்துவிடப் போவதில்லை. கணுக்காலுக்குப் பலம் சேரும்.

கொப்புளமும் தோல் உரசலும் தொடக்கத்தில் வரும், ஆறும். ஷூவைக் கழற்றிய பிறகும் நீங்காத மரமரப்பு, பாதத்தை நீட்டும்போது கணுக்காலுக்குப் பின்னால் வலி, சாதாரணமாக நடக்கும்போதும் பாத எலும்பில் ஒரே இடத்தில் குத்தும் வலி ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரையோ நடனக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். வரும்போது ஷூவையும் பேடையும் துடைக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள். நுனியில் சாட்டின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, உள்ளே எந்த இடம் அமுங்கியிருக்கிறது என்பதைப் பார்த்தால், அவள் எடை எங்கே விழுகிறது என்பது பாதி தெரிந்துவிடும்.