25 வருஷம் பிரியாமல் ஒட்டியதை எப்படிப் பிரிப்பது?

மொட்டை மாடியில் இருக்கும் சோலார் பேனலைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கருநீலப் பரப்பில் நெருக்கமாக மெல்லிய கோடுகள் ஓடும். அது பெயின்ட் இல்லை, வெள்ளி. சிலிக்கானில் வெயில் பட்டுக் கிளம்பும் எலெக்ட்ரான்களை வாரிச் சேர்ப்பது அந்தக் கோடுகள்தான். பேனல் எடையில் வெள்ளி ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஆனாலும் உலகம் ஒரு வருஷத்தில் பயன்படுத்தும் வெள்ளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இப்போது சோலாருக்கே போகிறது.

வளர்ச்சியின் வேகம் அப்படி. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம், வெயிலை மின்சாரமாக்கும் சிலிக்கான் செல்லைக் காட்டியதிலிருந்து, உலகில் நிறுவிய சோலார் திறன் முதல் டெராவாட்டை, அதாவது பத்து லட்சம் மெகாவாட்டை, எட்ட 2022 வரை ஆனது. அடுத்த டெராவாட்டுக்கு இரண்டு வருஷம் சொச்சம்தான். நல்ல செய்திதான், சந்தேகமே இல்லை. ஆனால் மேலே ஏறிய பேனல் எல்லாம் ஒருநாள் கீழே இறங்கும். 2050-க்குள் 7.8 கோடி டன் வரை பேனல் கழிவு சேரலாம் என்று சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி முகமை 2016-லேயே கணக்குப் போட்டது.

இறக்கியதைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. மேலே கண்ணாடி, கீழே பிளாஸ்டிக் தாள், நடுவில் அப்பளத்தைவிட மெல்லிசான செல்கள். ஈரம் உள்ளே போனால் பேனல் கெட்டுவிடும் என்பதால் செல்களின் இரு பக்கமும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக்கை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்து, 150 டிகிரி அளவில் அழுத்துகிறார்கள். அது உருகி, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் மறுபடி உருகாது, கருகத்தான் செய்யும். பேனல் 25 வருஷம் வெயிலையும் மழையையும் தாங்குவது இதனால்தான், கடைசியில் பிரிக்க முடியாமல் கிடப்பதும் இதனால்தான்.

அதனால் பல இடங்களில் அலுமினியச் சட்டத்தைக் கழற்றி, ஒயரை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே நொறுக்கிவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கும் சிலிக்கானும் கலந்த அந்தக் கண்ணாடித் தூள் மறுபடி நல்ல கண்ணாடியாகாது, வெள்ளியும் அதோடு போய்விடும். சரியான வழி, உலையில் பிளாஸ்டிக்கை எரித்து, வரும் நச்சுப் புகையைப் பிடித்து, செல்லில் இருந்து வெள்ளியைத் தனியே எடுப்பது. பிரான்சின் ரோசி நிறுவனம் வெப்பத்தால் பிரித்து வெள்ளியையும் சிலிக்கானையும் மீட்கிறது. ஆனால் செலவு அதிகம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளிக்குப் பதில் செம்பு போட முயல்கிறார்கள். செம்பு சிலிக்கானுக்குள் ஊடுருவி செல்லைக் கெடுக்கும், அதனால் நடுவே நிக்கல் மாதிரி ஒரு தடுப்பு வேண்டும், அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். டெராவாட் கணக்கில் வளர இது அவசியம். ஆனால் வெள்ளி போய்விட்டால், பழைய பேனலை லாபத்துக்காக உடைக்க யார் வருவார்கள்? ஆகவே இதைச் சந்தையிடம் விட முடியாது என்பது என் கருத்து. இந்தியாவின் 2022 மின்கழிவு விதிகள் பேனலைச் சேர்த்திருக்கின்றன, ஆனால் 2034-35 வரை உண்டாகும் கழிவைத் தயாரிப்பாளர் சேமித்து வைக்க வேண்டும் என்கின்றன. சேமிப்பது மறுசுழற்சி ஆகாது. பிரிக்கும் செலவை விற்கும்போதே வாங்கி ஒதுக்க வேண்டும்.

முதலிலேயே யோசித்தால் முடியும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 2024-இல் ஆலை திறந்த ஃபர்ஸ்ட் சோலார், சிலிக்கானுக்குப் பதில் காட்மியம் டெல்லுரைடு என்ற சேர்மத்தை வைத்துப் பேனல் செய்கிறது. காட்மியம் நச்சு என்பதால் பழைய பேனலைத் திரும்ப எடுத்துப் பிரிக்கும் முறையை அந்த நிறுவனம் வெகு காலமாகவே வைத்திருக்கிறது.

சிலிக்கானுக்கும் வழி தெரிகிறது. பசையே இல்லாமல், இரண்டு கண்ணாடிகளின் விளிம்பை அதிவேக லேசரால் பற்றவைத்து மூடும் முறையை அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி ஆய்வகம் 2024-இல் காட்டியது. காலம் முடிந்ததும் கண்ணாடியை உடைத்தால் போதும், உள்ளே இருப்பது ஒட்டாமல் தனியே வரும். பேனலைத் தாங்கும் சட்டத்தை மட்டும் இன்னும் விறைப்பாக அமைக்க வேண்டியிருக்கும்.